வாசலில் அடித்த சைரன்

பழைய இரும்பை உருக்கும் அந்தத் தொழிற்சாலையின் வாசலில், லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. அதில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் எடையம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் இல்லாத இடத்தில் 'சந்தேகம்' என்றார்கள். இந்த இரண்டாவது பெயரும் அவளுக்குத் தெரியும். வருத்தமெல்லாம் இல்லை. "சந்தேகப்படத்தானே சம்பளம் தர்றாங்க" என்பாள்.

அதுவும் உண்மைதான். அடியில் ஈர மண்ணைக் கொட்டி மேலே தகரத்தைப் பரப்பிக் கொண்டுவரும் லாரிகள் உண்டு. எடை போடும் நேரத்தில் கிளீனரைப் பின்னால் சாக்குக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு, வண்டி காலியான பிறகு அவனை நடந்து வரச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. எடையம்மா கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பாள். ஓட்டுநர் சிரித்தால் அவளுக்குச் சந்தேகம். சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம். வேலை முடிந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு வரக்கூடிய பழக்கமா அது? வீட்டுக்காரர் முடிவெட்டிக்கொண்டு வந்து நின்றால், "யாரைப் பார்க்கப் போறீங்க?" என்பாள். "கண்ணாடியைத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் தன் பாட்டுக்குப் போய்விடுவார். நல்ல மனுஷன்.

அவள் சந்தேகப்படாத ஆள் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது கிரேன்காரர்தான். உள்ளே முற்றத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும் பழைய இரும்பை, வட்டமான பெரிய காந்தத்தால் அள்ளி உலைக்குள் போடும் கிரேன் அவருடையது. எடையம்மாவைவிட சில வயது சின்னவர். வாய் நிறைய "அக்கா" என்பார். மதியத்தில் அவள் அறைக்கு வந்து, அவளுக்கு எதிரே ஒரு கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் வீட்டுச் சாப்பாட்டில் பாதி இவள் தட்டுக்கு வரும், இவளுடையதில் பாதி அங்கே போகும். கடைசியில் யார் வீட்டுச் சமையலை யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லவே முடியாது.

அந்தக் கிரேன்காரர் திடீரென்று நீண்ட விடுமுறை எடுத்தார். "மாமனாருக்கு உடம்பு முடியலக்கா. நாங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், சில வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். புழுங்கி எடுக்கும் உலைக்களத்தில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். மதியம் அவள் அறைக்கு வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் தேநீர்க் குவளையை நீட்டியபோது இரண்டடி பின்னால் போய், "வேணாங்க்கா, வயிறு சரியில்ல" என்றார்.

எடையம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"மாமனார் இப்ப எப்படி இருக்கார்?"

"பரவாயில்லக்கா."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அங்க... அவங்க ஊர்ப்பக்கம்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொல்கிறார் என்றால் விஷயம் பெரியது என்று அவள் முடிவு கட்டினாள். குடியா? வேறொரு தொடுப்பா? இரண்டையும் யோசித்துத் தள்ளிவிட்டாள். குடிப்பவன் கண் அப்படி இருக்காது. தொடுப்பு வைத்தவன் இத்தனை அழுக்குச் சட்டையோடு வரமாட்டான். கடைசியில் அவள் மனம் அவருடைய சாப்பாட்டுப் பையில் போய் நின்றது. அந்த ஆலையில் செம்புக் கம்பி அவ்வப்போது காணாமல் போய்க்கொண்டிருந்தது. தனியாகச் சாப்பிடுகிறார், பையை யார் கையிலும் கொடுப்பதில்லை, யாரும் பக்கத்தில் வந்தால் நகர்ந்துகொள்கிறார். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது.

லாரிகள் நுழையும் பெரிய வாசலின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு பலகைகள் நட்டிருந்தார்கள். கதிர்வீச்சுள்ள பொருள் எதுவும் பழைய இரும்போடு கலந்து வந்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த கருவி அது. அப்படி ஏதாவது வந்தால் சிவப்பு விளக்கு எரிந்து சைரன் அடிக்கும். ஆட்கள் அதன் வழியாக வருவதில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கதவு உண்டு. ஒருநாள் காலையில் அந்தச் சின்ன கதவின் கீல் உடைந்துபோய் பற்றவைத்துக்கொண்டிருந்ததால், எல்லோரும் பெரிய வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள். வரிசையாக வந்தவர்களில் கிரேன்காரர் பலகைகளுக்கு நடுவே கால் வைத்ததும் சைரன் அலறியது.

வாசலில் ஒரு லாரிகூட இல்லை. காவலாளி கிரேன்காரரின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு. எடையம்மா அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். 'ஆகா, மாட்டிக்கொண்டான்' என்ற ஒரு சின்ன திருப்தி மனதில் எழுந்ததை அவளால் மறுக்கமுடியவில்லை. பையை வெளியே வைத்துவிட்டு வெறுங்கையோடு வரச் சொன்னார்கள். மறுபடியும் அலறியது. காலணியைக் கழற்றிவிட்டு வந்தார். அப்போதும் அலறியது. கூட்டம் வட்டமாகப் பின்வாங்கியது. நடுவே வெறுங்காலோடு நின்ற கிரேன்காரர், யார் முகத்தையும் பார்க்காமல், "மேனேஜரைக் கூப்பிடுங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எடையம்மாவை உள்ளே கூப்பிட்டார். வாசல் அவள் பொறுப்பு என்பதால் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. கிரேன்காரர் அறையின் மூலையில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இவருக்குத் தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. மிச்சம் மீதி இருந்தா அதை எரிக்கிறதுக்குக் கதிர்வீச்சு மருந்து குடுத்திருக்காங்க, மாத்திரையா. அதுதான் உடம்புல இன்னும் கொஞ்சம் இருக்காம். வேலைக்குப் போகலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடுவோம்."

எடையம்மா கிரேன்காரரைப் பார்த்தாள். கழுத்துப் பொத்தானுக்குக் காரணம் இப்போது புரிந்தது. "ஏன் தம்பி, என்கிட்டகூடச் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார் அவர்.

அந்தப் பதில் அவளுக்கு உறுத்தியது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று மனதில் வந்து நின்றது. அவளுடைய மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிறைமாதம் இல்லை, ஆனால் வயிறு நன்றாகத் தெரிந்தது. தினமும் சாயந்தரம் வீட்டுக்குப் போனதும் எடையம்மா முதலில் செய்வது மகள் வயிற்றில் கைவைத்துப் பார்ப்பதுதான். அந்தக் கை எந்தெந்தக் கதவின் கைப்பிடியைத் தொட்டது? கிரேன்காரர் தொட்ட குழாயைத் தானும் தொட்டோமா? ஆஸ்பத்திரிக்காரர்கள் போகலாம் என்று சொன்னால் போதுமா? படுக்கை காலியாகவேண்டும் என்று அனுப்பியிருக்கமாட்டார்களா? மேனேஜர் போகலாம் என்று சொன்னால் போதுமா? கிரேன் ஓட்ட ஆள் பற்றாது என்பதற்காகச் சொல்லியிருக்கமாட்டாரா?

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அது சத்தியம். கழிவறை கழுவும் பெண்ணைக் கூப்பிட்டு, "ஆம்பளைங்க பக்கம் இன்னைக்கு ரெண்டு தடவை கழுவு. கையுறை போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

"ஏன்க்கா?"

"சொன்னதைச் செய். காரணம் கேட்காத."

சைரன் அடித்ததை அந்தப் பெண்ணும் பார்த்திருந்தாள். இரண்டையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? மதியச் சாப்பாட்டுக்குள் ஆலை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒருவர் 'கதிர்வீச்சு' என்றார், அடுத்தவர் 'விஷம்' என்றார், உலைக்காரர் வாய்க்கு வந்தபோது அது 'அணுகுண்டு' ஆகியிருந்தது. குடிதண்ணீர்த் தொட்டியில் யாரும் கைவைக்கவில்லை. ஆண்கள் கழிவறை பக்கம் போகாமல் வெளிச்சுவரை நாடினார்கள். கிரேன்காரர் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தைச் சுற்றி யாரோ சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டார்கள். அவருடன் மாற்றுவேளை பார்க்கும் ஆள், "அந்த நாற்காலியில நான் உட்காரமாட்டேன். எனக்குக் கல்யாணமாகி இன்னும் குழந்தை பொறக்கல" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

கோடு போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. விஷயம் வெளியே போனது எப்படி என்று மட்டும் எல்லோரும் ஆராய்ந்தார்கள். காவலாளி மேனேஜரைச் சொன்னார். மேனேஜர் எடையம்மாவை ஒருமாதிரியாகப் பார்த்தார். எடையம்மா கழிவறைப் பெண்ணைச் சந்தேகித்தாள். தான் சொன்னதுதான் வெளியே போய்க் கையும் காலும் முளைத்துத் திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது சாயந்தரமாகிவிட்டது. புரிந்தும் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் நேராகக் கொல்லைப்புறம் போய், உடுத்தியிருந்ததை வாளியில் முக்கி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மகளின் பக்கத்தில் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் மகள்.

"இல்ல, தூசி."

"இத்தனை வருஷமா இல்லாத தூசியா?" மகளுக்கும் அம்மாவின் ரத்தம்தானே. விடாமல் குடைந்தாள். உண்மை தெரிந்ததும் அழுதாள். மறுநாளே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. அதற்கும் சேர்த்து எடையம்மா கிரேன்காரர்மேல்தான் கோபப்பட்டாள்.

ஆலையில் வேலை நின்றுபோகும் நிலை வந்ததும் மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, நடுவயதுப் பெண், கையில் ஒரு சின்ன கருவியோடு வந்து இறங்கினாள். கிரேன் நாற்காலி, கைப்பிடிகள், கழிவறை, தண்ணீர்த் தொட்டி, சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே இருந்த தரை என்று ஒவ்வொன்றின்மேலும் கருவியைக் காட்டினாள். வாசல் பலகைகளைப் பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சையும் சோதித்தாள். பிறகு எல்லோரையும் கூட்டி நிறுத்தினாள்.

"எங்கயும் ஒண்ணும் இல்லை. மருந்து குடுத்த முதல் சில நாள் வேர்வை, எச்சில், சிறுநீர் வழியா வெளியே வரும். அந்த நாள்லாம் அவர் தனியறையில இருந்தார். இப்ப மிஞ்சியிருக்கிறது ரொம்பக் கொஞ்சம், அதுவும் குறைஞ்சுக்கிட்டே வருது. கூட வேலை செய்யறவங்களுக்கு அதனால ஆபத்து கிடையாது. கர்ப்பிணிங்க, சின்னக் குழந்தைங்க பக்கத்துல ரொம்ப நேரம் ஒட்டி உட்காராம இருக்கணும்னு அவர்கிட்ட சொல்லியிருக்கோம். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்."

"அப்ப சைரன் ஏன் அடிச்சுச்சு?" என்று கூட்டத்திலிருந்து கேட்டார்கள்.

"லாரி நிறைய இரும்புக்கு அடியில ஒரு விரல் அளவு சாமான் ஒளிஞ்சிருந்தாலும் கண்டுபிடிக்கிற கருவி அது. அதுக்கு மூக்கு அவ்வளவு கூர்மை. அது அடிக்குதுங்கறதால உங்களுக்குக் கெடுதல்னு அர்த்தமில்லை."

எடையம்மா தன் சந்தேகத்தை அடக்கமாட்டாமல், "எங்க வீட்ல மாசமான பொண்ணு இருந்துச்சுங்க. நான் இங்கருந்து எதையாவது எடுத்துட்டுப் போயிருப்பேனா?" என்று கேட்டாள்.

"விளக்குக்குப் பக்கத்துல நின்னுட்டு வீட்டுக்குப் போனா வெளிச்சம் புடவையில ஒட்டிக்கிட்டு வருமா?" என்றாள் அதிகாரி. தன் தொலைபேசி எண்ணையும் அவளிடம் கொடுத்தாள். "சந்தேகம் வந்தா எப்ப வேணாலும் கூப்பிடுங்க."

கூட்டம் கலைந்தது. நம்பிக்கை வந்ததா என்றால் அதுதான் இல்லை. "அந்தம்மா ஆஸ்பத்திரி ஆளு. தான் குடுத்த மருந்தைத் தானே கெட்டதுன்னு சொல்லுவாங்களா?" என்றார் உலைக்காரர். எடையம்மாவும் உள்ளுக்குள் தலையாட்டினாள். இன்னொருவர், அந்தக் கருவியில் பேட்டரியே இல்லை என்று தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

மேனேஜர் ஒரு வழி செய்தார். கிரேன்காரர் இனிமேல் பின்பக்கம், சாம்பல் கொண்டுபோகும் வழியாக வந்துபோகவேண்டும். தப்பித்தவறி வாசல் பக்கம் வந்து சைரன் அடித்துவிட்டால் பெரிதுபடுத்தாமல் நிறுத்திவிடவேண்டும். கிரேன்காரர் ஒத்துக்கொண்டார். சாம்பல் வண்டிகளுக்கு நடுவே, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவர் குனிந்து வருவதைக் காலையில் எடையம்மா தன் சன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது ஒரு முற்பகலில், மூடிய ஆலை ஒன்றை உடைத்த இரும்பை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. வாசலில் அது நுழைந்ததும் சைரன் அலறியது. காவலாளி எழுந்திருக்கக்கூட இல்லை. கையை நீட்டிப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டார்.

"என்னது?" என்று எடையம்மா சன்னல் வழியாகக் கேட்டாள்.

"வேற என்ன? நம்மாளு எங்கயாவது குறுக்க போயிருப்பாரு."

"பார்த்தீங்களா?"

"அவரைப் பார்த்து வேற நான் கெட்டுப்போகணுமா?"

லாரி எடைமேடைமேல் ஏறி நின்றது. எடையம்மாவுக்கும் காவலாளி சொன்னதே முதலில் சரியாகப்பட்டது. பின்வழியில் வரச் சொன்னால் இந்த ஆள் இங்கே என்ன செய்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது. கழுத்தை நீட்டி முற்றத்தைப் பார்த்தாள். தூரத்தில் கிரேனின் காந்தம் ஒரு கொத்து இரும்பைத் தூக்கிக்கொண்டு உலைப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் மேலே யாரோ இருக்கிறார்கள். வேறு யாரையாவது ஏற்றிவிட்டு இவர் இறங்கித் திரிகிறாரோ? வாக்கிடாக்கியை எடுத்தாள். அதில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது நின்றுபோய் ரொம்ப நாளாகியிருந்தது.

"கிரேன்ல யாரு?"

வாக்கிடாக்கி கரகரத்தது. பிறகு கிரேன்காரர் குரல் வந்தது. "நான்தான்க்கா."

"இறங்கினியா நடுவுல?"

"காலையில ஏறினது. இன்னும் இறங்கல."

"நிஜமா நீதானா?"

"என் நாற்காலியில வேற யாருக்கா உட்காருவா?"

எடையம்மா வாக்கிடாக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. ஆனால் வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் மேலே இருக்கிறார் என்றால் வாசலில் அலறியது எதற்கு? சன்னலுக்கு வெளியே லாரி ஓட்டுநரைப் பார்த்தாள். ஓட்டுநர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டியைப் பின்னால எடுங்க. மறுபடியும் வாசல் வழியா வரணும்" என்றாள்.

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய்த் திரும்ப வந்தார். சைரன் அலறியது. காவலாளி நிறுத்தினார்.

"எடை போடமாட்டேன்" என்றாள் எடையம்மா.

லாரி மேடையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வண்டிகள் சேர்ந்து ஒலி எழுப்பின. உலை காய்ந்துகொண்டிருக்கிறது என்று உள்ளேயிருந்து ஆள் ஓடி வந்தார். கடைசியில் மேனேஜரே வேகு வேகென்று வந்து சேர்ந்தார்.

"என்னம்மா விளையாட்டு இது? அந்தாளால அடிக்குது. அவ்வளவுதானே?"

"அவர் கிரேன்ல இருக்கார் சார்."

"அப்ப அவர் போனப்ப விழுந்த தூசி இந்தப் பலகையில ஒட்டியிருக்கும்."

"அந்த மேடம் துடைச்சுப் பார்த்து ஒண்ணுமில்லன்னாங்களே?"

"அன்னைக்கு அவங்க சொன்னதை நீங்க நம்புனீங்களா?"

நம்பவில்லைதான். நம்பியிருந்தால் மகளை அண்ணன் வீட்டிலிருந்து திரும்ப அழைத்து வந்திருக்கமாட்டாளா? ஒன்று, அந்த அதிகாரி சொன்னது பொய், அப்படியானால் இந்த லாரியை விட்டுவிடலாம். இல்லை, அவள் சொன்னது மெய், அப்படியானால் இத்தனை நாள் தான் நடந்துகொண்டதெல்லாம் அநியாயம், லாரிக்குள்ளும் ஏதோ இருக்கிறது. இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்றிருந்த ஒரு காலி லாரி பொறுமை இழந்து ஓரமாக நுழைந்து, அதே பலகைகளுக்கு நடுவே உள்ளே வந்தது. சைரன் அடிக்கவில்லை.

"பலகையில தூசி இருந்தா இதுக்கும் அடிக்கணுமே சார்" என்றாள் எடையம்மா.

மேனேஜர் மடையர் அல்ல. லாரியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், முகம் வெளுத்தது. "எல்லாரும் வண்டியை விட்டுத் தள்ளி வாங்க!" என்று கத்தினார். ஓட்டுநர் சிரிப்பை விட்டுவிட்டுக் குதித்து இறங்கி ஓடி வந்தார். எடையம்மா ஆஸ்பத்திரி அதிகாரியின் எண்ணைத் தேடிக் கொடுத்தாள். யாரையும் பக்கத்தில் விடவேண்டாம், எதையும் இறக்கவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, அந்த அதிகாரியே அரசாங்கப் பாதுகாப்புத் துறைக்குத் தகவல் கொடுத்தாள்.

அவர்கள் வந்து, ஆலையை நிறுத்தி, லாரியைத் தனியே கொண்டுபோய்ப் பிரித்தார்கள். குழாய்களுக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவே, குடம்போல ஒரு கனத்த உலோகக் கூடு கிடைத்தது. மூடிய ஆலையில் தொட்டிகளின் மட்டத்தை அளக்க வைத்திருந்த கருவியாம். உள்ளே கதிர்வீச்சுப் பொருள் அப்படியே இருந்தது. கூடு உடையாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உலைக்குள் போயிருந்தால் உருகிய இரும்பு, புகை, சாம்பல், கூரை எல்லாவற்றிலும் கலந்திருக்கும் என்றும், இந்த இடத்தையே மூடவேண்டி வந்திருக்கும் என்றும் வந்தவர்கள் சொன்னார்கள். அதை வேண்டுமென்றே ஒளித்து வைத்தார்களா, தெரியாமல் வந்ததா என்ற விசாரணை வெகுகாலம் நடந்தது. தெரியாமல் வந்தது என்றே முடித்தார்கள். எடையம்மா இன்றுவரை அதை நம்பவில்லை.

அன்று அந்த லாரி உள்ளே போயிருந்தால் கூட்டைத் தூக்கி உலையில் போட்டிருக்கப்போவது கிரேன்காரர்தான். அப்போதும் பழி அவர்மேல்தான் விழுந்திருக்கும். இந்த நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை. விடுமுறை நாளில் அவர் வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்த மனைவி வழியை விட்டு நகரவில்லை.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? வீட்டையும் கழுவச் சொல்லவா?"

கழிவறைப் பெண் இவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். எடையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தம்பியைப் பார்க்கணும்மா."

"நாங்க சின்னவளை எங்க அக்கா வீட்ல விட்டிருக்கோம். அப்பா மடியில உட்காரக்கூடாதுன்னு குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியல. அவர் தனி அறையில தனித் தட்டுல சாப்பிட்டார். டாக்டர் சொன்னதுக்கு மேலயே ஜாக்கிரதையா இருந்தோம். உங்க வீட்ல மாசமான பொண்ணு இருக்குன்னுதான் உங்ககூட உட்கார்ந்து சாப்பிட மாட்டேன்னார், தெரியுமா?"

எடையம்மாவுக்குத் தெரியாது. உள்ளேயிருந்து கிரேன்காரர் வந்தார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. தழும்பு ஒரு சிவந்த கோடாகத் தெரிந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி. ஆனா நான் சொன்னதாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது" என்றாள்.

"தெரியும்க்கா."

"கோவமிருந்தா திட்டிடு."

"திட்டலாம்தான். ஆனா நீங்க மட்டும் அன்னைக்கு வண்டியை விட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. "உட்காருங்க. டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்ததும் உள்ளே போய்விட்டாள்.

மேனேஜர் கிரேன்காரரைப் பெரிய வாசல் வழியாகவே வரச் சொன்னார். கொஞ்ச நாளில் சைரன் அவருக்கு அடிப்பதை நிறுத்திவிட்டது. மாற்றுவேளைக்காரர் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். முதல் நாள் மட்டும் ஒரு சாக்கை விரித்துக்கொண்டார். எடையம்மாவின் மகள் திரும்பி வந்தாள், ஆண்குழந்தை, சுகப்பிரசவம்.

மதியத்தில் கிரேன்காரர் மட்டும் அவள் அறைக்கு வரவில்லை. ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "அதான் எல்லாம் சரியாப்போச்சே தம்பி, மருந்தும் போயிடுச்சு. வந்து உட்காரேன்."

"மருந்து போயிடுச்சுக்கா. இது வேற" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை. தினமும் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டு டப்பாவைக் கழுவிவைத்தாள். அவள் சுபாவம் மாறிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. ஓட்டுநர்களை முன்பைவிட அதிகமாகவே குடைந்தாள். ஆனால் யாராவது நீண்ட விடுமுறை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால், ஏன், எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

மறுவருஷம், மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில், கிரேன்காரர் அவள் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை முடித்துவிட்டு வந்திருந்தார். ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"அக்கா, சாயந்தரம் வேலை இருக்கா?"

"ஏன்?"

"பழைய பைக் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். விக்கிறவன் ரொம்ப நல்லாப் பேசுறான். நீங்க ஒரு தடவை வந்து சந்தேகப்பட்டுட்டுப் போனா எனக்கு நிம்மதியா இருக்கும்."

எடையம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று முதலில் சந்தேகப்பட்டாள். பிறகு தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாப் பேசுறானா? அப்ப என்ஜின்ல ஏதோ இருக்கு" என்றாள்.